ஒரே கணக்கு, பல மொழிகள்: நிரல்மொழியின் வெளிப்பாட்டுத்திறனை எதைக் கொண்டு அளப்பது?

ஒரு கோப்பைப் படிக்க வேண்டும். அதிலுள்ள சொற்களை எண்ண வேண்டும். அதிகம் வந்த பத்துச் சொற்களை எண்ணிக்கையோடு காட்ட வேண்டும். நிரல்மொழிகளை ஒப்பிட நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த அளவுக் கணக்கைத்தான் கையில் எடுப்பார்கள். பைத்தானில் ஐந்தாறு வரி, ஜாவாவில் இருபது, சி மொழியில் நூறு என்று ஒரு பட்டியல் தயாராகும். குறைந்த வரியில் முடித்த மொழிதான் வெளிப்பாட்டுத்திறன் மிக்கது என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பில் மொழியின் பங்கு குறைவு. மொழியின் இலக்கணம் எதைச் சொல்ல விடுகிறது, கூடவே வரும் லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது, கணக்கில் சொல்லாமல் விட்டதை எழுதியவர் தன் வசதிக்கு எப்படி நிரப்பிக்கொண்டார் ஆகிய மூன்றும் வரி எண்ணிக்கைக்குள் கலந்து கிடக்கின்றன. முதலாவதை மட்டும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நிரலை எழுதி முடித்த பிறகு கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். அந்த ஒரு மாற்றத்துக்காக நிரலில் எத்தனை இடங்களைத் தொட வேண்டியிருந்தது என்று எண்ணினால், மொழி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆறு வரியில் முடிந்த கதை

இந்தச் சொல் எண்ணும் கணக்குக்கே ஒரு புகழ்பெற்ற வரலாறு இருக்கிறது. 1986-இல் ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பின் மாத இதழில் நிரல் கலை பற்றிப் பத்தி எழுதிவந்த ஜான் பென்ட்லி, கணினி அறிஞர் டொனால்ட் க்னூத்திடம் இதைக் கொடுத்தார். க்னூத் தன் 'வெப்' முறையில், பாஸ்கல் நிரலையும் அதற்கான உரைநடை விளக்கத்தையும் ஒன்றாகப் பின்னி, பல பக்க நீளத்தில் ஒரு தீர்வு எழுதினார். சொற்களைச் சேமிக்க அவர் பயன்படுத்திய தரவமைப்பே தனியாகப் படிக்கத் தக்கது. அதை மதிப்பீடு செய்தவர், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுக்கும் யூனிக்ஸ் குழாய்களின் மூலகர்த்தாவான டக் மெக்கில்ராய். க்னூத்தின் நிரலைப் பாராட்டிவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆறு வரி ஷெல் கட்டளையையும் எழுதிக் காட்டினார்.

அந்த ஆறு வரி செய்வது இதுதான். முதல் கட்டளை ஆங்கில எழுத்தல்லாத எல்லாவற்றையும் வரிமுறிப்பாக மாற்றும். அடுத்தது பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்கும். மூன்றாவது அகரவரிசைப்படுத்தும். நான்காவது அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளைச் சேர்த்து எண்ணும். ஐந்தாவது எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கும். ஆறாவது, கேட்ட அளவு வரிகள் வந்ததும் நிறுத்திவிடும்.

இதைப் பலரும் 'ஷெல் பாஸ்கலை வென்றது' என்று திருப்பிச் சொல்கிறார்கள். அது நியாயமில்லை. க்னூத்திடம் கேட்கப்பட்டதே அவருடைய எழுத்துமுறையை ஒரு சிறிய நிரலில் காட்டச் சொல்லித்தான். அன்றைய பாஸ்கலில் ஹாஷ் டேபிள், அதாவது ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்கான மதிப்பை உடனே எடுத்துத் தரும் அட்டவணை, கிடையாது. நீளம் மாறக்கூடிய சரங்களும் (எழுத்துத் தொடர்களும்) கிடையாது. ஆறு வரிக்குப் பின்னால் சி மொழியில் ஏற்கெனவே எழுதிவைத்த வரிசைப்படுத்தும் நிரலும் எண்ணும் நிரலும் இருக்கின்றன. அவற்றின் வரிகள் கணக்கில் சேரவில்லை. இரண்டும் செய்யும் வேலையும் ஒன்றல்ல. கோப்பில் பத்து லட்சம் சொற்கள் இருந்து, அவற்றில் தனிச்சொற்கள் பத்தாயிரம்தான் என்றால், குழாய் பத்து லட்சம் வரிகளையும் வரிசைப்படுத்தும். ஹாஷ் டேபிளில் எண்ணும் நிரல் பத்தாயிரத்தை மட்டும் வரிசைப்படுத்தினால் போதும். மெக்கில்ராய் சொன்னதும் மொழியைப் பற்றியது அல்ல. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கட்டாதே, ஏற்கெனவே இருக்கும் பாகங்களைக் கோத்துப் பயன்படுத்து என்பதே அவர் வாதம். அது சூழலைப் பற்றிய வாதம், அந்த அளவில் மிகச் சரி.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

வரிகளை முறையாக எண்ணிப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 1994-இல் பால் ஹூடாக்கும் மார்க் ஜோன்ஸும் வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்கக் கடற்படைக்கான ஒரு சிறிய மாதிரி நிரலைப் பல மொழிகளில் எழுதிப் பார்த்த விவரம் இருக்கிறது. ஹாஸ்கெலில் 85 வரி, அடாவில் 767, சி++-இல் 1105. ஹாஸ்கெல் ஆதரவாளர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை இருக்கிறது: எழுத ஆன நேரம். 85 வரி ஹாஸ்கெலுக்குப் பத்து மணி நேரம். 274 வரி பிடித்த ரிலேஷனல் லிஸ்ப் நிரலுக்கு மூன்றே மணி நேரம். வரி மூன்று மடங்கு, நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுருக்கமாக எழுதுவதும் விரைவாக எழுதுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

2000-இல் லுட்ஸ் பிரெஹெல்ட் வெளியிட்டது இன்னும் பெரிய ஒப்பீடு. தொலைபேசி எண்களை ஓர் அகராதியின் சொற்களாக மாற்றும் ஒரே கணக்குக்கு ஏழு மொழிகளில் 80 நிரல்கள். பெர்ல், பைத்தான், ரெக்ஸ், டிசிஎல் ஆகிய ஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதியவை நீளத்திலும் எழுதும் நேரத்திலும் சி, சி++, ஜாவா நிரல்களில் ஏறக்குறைய பாதியாக இருந்தன. ஆனால் ஒரே மொழியில் எழுதிய இருவருக்கிடையே இருந்த வேறுபாடு, மொழிகளுக்கிடையே இருந்த வேறுபாட்டுக்குச் சளைத்ததல்ல. ஸ்கிரிப்ட் நிரல்களை அனுப்பியவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள், நேரத்தையும் தாங்களே குறித்தார்கள் என்பதை அவரே எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 2015-இல் நான்ஸும் ஃபூரியாவும் எட்டு மொழிகளில் 745 கணக்குகளுக்கான 7,087 தீர்வுகளை அலசியபோதும் ஸ்கிரிப்ட் மொழிகளும் ஹாஸ்கெல் போன்ற ஃபங்ஷனல் மொழிகளும்தான் சுருக்கமாக வந்தன. ஆக, சுருக்கம் என்பது உண்மையான வேறுபாடுதான். அது எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது, அவ்வளவே.

'சொல்' என்றால் என்ன?

மொழிக்குப் போகுமுன் கணக்கையே சரிபார்க்க வேண்டும். 'சொற்களை எண்ணு' என்ற கட்டளையில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. குறைந்த வரியில் முடித்தவர்கள் பெரும்பாலும் இந்த ஓட்டைகளின் வழியாகத்தான் முடித்திருப்பார்கள்.

முதல் ஓட்டை, சொல் எங்கே முடிகிறது என்பது. வெற்றிடத்தில் வெட்டினால் 'மொழி', 'மொழி.', 'மொழி,' மூன்றும் வெவ்வேறு சொற்களாகிவிடும். அதனால் எழுத்துக்கோவைகளை ஒரு வடிவத்தைக் கொண்டு தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குப் போவார்கள். அங்கே 'சொல்லில் வரும் எழுத்து' என்பதற்கான டபிள்யூ குறி (\w) எல்லா மொழியிலும் ஒரே பொருளில் இல்லை. பைத்தானின் இயல்பான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அந்தக் குறிக்குள் அடங்காது. 'அம்மா' என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால் 'அம', 'ம' என்று இரண்டு துண்டாகத் திருப்பித் தரும். புள்ளியும் துணைக்காலும் காணாமல் போகும். கோ மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அந்தக் குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே பொருத்தும். அதனால் தமிழ்க் கோப்புக்கு விடை சுழியம். ஜாவாவிலும் அப்படித்தான், 7-ஆம் பதிப்பில் வந்த யூனிகோட் கொடியைச் சேர்த்தால் சரியாகும். பெர்லிலும் ரஸ்ட்டின் ரெஜெக்ஸ் லைப்ரரியிலும் கூடுதல் குறிகளும் சேர்ந்தே வருவதால் 'அம்மா' முழுசாகக் கிடைக்கும். குனு வெளியிடும் எழுத்துமாற்றிக் கட்டளை பைட் பைட்டாகத்தான் வேலை செய்யும் என்பதால், மெக்கில்ராயின் ஆறு வரி ஆங்கிலத்தைத் தாண்டாது.

இன்னொரு சிக்கலும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. 'மொ' என்பதை மகரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, துணைக்கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹாஷ் டேபிளுக்கு இரண்டும் வேறு. யூனிகோட் இயல்பாக்கத்தை ஒரு முறை ஓட்டாவிட்டால், விடைப் பட்டியலில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்து நிற்கும். இதற்கான ஃபங்ஷன் பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் அடிப்படை லைப்ரரியிலேயே இருக்கிறது. ரஸ்ட்டில் வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். கோ மொழியிலும் அடிப்படை லைப்ரரிக்கு வெளியே உள்ள துணைத் தொகுப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, சம எண்ணிக்கை. பத்தாவது இடத்துக்கு மூன்று சொற்கள் போட்டியிட்டால் எதைக் காட்டுவது? பைத்தானின் கவுன்டர், 3.7 பதிப்பு முதல், கோப்பில் முதலில் கண்ட சொல்லை முன்னே வைக்கும். குழாய் அகரவரிசையைத் தலைகீழாக்கிக் கடைசிச் சொல்லை முன்னே வைக்கும். இறங்குவரிசைக் கொடி எண்ணுக்கு மட்டுமல்லாமல் சமநிலையைத் தீர்க்கும் கடைசி ஒப்பீட்டுக்கும் பொருந்துவதே காரணம். கோ மொழியில் மேப்பை (ஹாஷ் டேபிளுக்கு அங்குள்ள பெயர்) சுற்றிவரும் வரிசை வேண்டுமென்றே குலைக்கப்படுகிறது. அதனால் அதே கோப்புக்கு அதே நிரல் இன்று ஒரு விடையும் நாளை ஒரு விடையும் தரலாம். 'சமமாக வந்தால் அகரவரிசை' என்று கணக்கில் ஒரு வரி சேர்த்தால் போதும், பல 'ஒற்றை வரித் தீர்வுகள்' அங்கேயே நீளத் தொடங்கும்.

மூன்றாவது, பெரிய எழுத்து சிறிய எழுத்து. தமிழுக்குத் தொல்லையில்லை. ஜெர்மன், துருக்கி மொழிக் கோப்புகளில் வெறுமனே சிறிய எழுத்தாக்குவது போதாது என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு வரியை மட்டும் உற்றுப் பார்த்தால்

கணக்கின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு செயல்:

எண்ணிக்கை[சொல்] += 1

இதில் கேள்வி ஒன்றுதான். அந்தச் சொல் முதல் முறையாக வரும்போது என்ன ஆகும்? மொழிகள் பிரியும் இடம் இதுவே.

ஆக் (awk), பெர்ல் இரண்டிலும் இல்லாத இடம் தானாகச் சுழியமாகக் கருதப்படும். மேலே உள்ள வரி அப்படியே ஓடும். கோ மொழியிலும் ஓடும், ஏனென்றால் இல்லாத சாவிக்கு அந்த டைப்பின் சுழிய மதிப்பு கிடைக்கும். சி++ மேப்பிலும் ஓடும், ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது: சதுர அடைப்பில் வெறுமனே படித்தாலே அந்தச் சாவி உள்ளே சேர்ந்துவிடும். 'இந்தச் சொல் இருக்கிறதா' என்று சோதிக்கப் போய், மேப்பின் அளவு வளர்ந்துகொண்டே போகும். பைத்தானின் சாதாரண டிக்‌ஷனரி சாவி இல்லை என்று பிழை எறியும். கவுன்டரைப் பயன்படுத்தினால் சுழியம் வரும், படிப்பதால் எதுவும் சேராது. அதன் உறவான டிஃபால்ட்-டிக்டில் படித்தாலே சேர்ந்துவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மாற்றிப் போடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

ஜாவாவில் 8-ஆம் பதிப்புக்கு முன்பு இந்த ஒரு வரி நான்கு வரியாக இருந்தது: எடு, வெறுமையா என்று பார், வெறுமை என்றால் ஒன்றை வை, இல்லையென்றால் ஒன்றைக் கூட்டி வை. 2014-இல் 8-ஆம் பதிப்பு வந்தபோது மேப்புக்கு 'மெர்ஜ்' என்ற மெத்தட் கிடைத்தது. சொல், ஒன்று, கூட்டும் ஃபங்ஷன் என மூன்றையும் கொடுத்தால் ஒரு வரியில் முடிந்தது. ஹாஸ்கெலிலும் இதே உருவம்தான்: சொற்களை எல்லாம் ஒன்றோடு இணைத்து, ஒரே சாவி திரும்பி வந்தால் கூட்டு என்று சொன்னால் மேப் தயார். கவனித்தால், ஜாவாவில் நான்கு வரியை ஒன்றாக்கியது லைப்ரரியில் வந்த ஒரு மெத்தட் என்று தோன்றும். அந்த மெத்தட் பயனுள்ளதாக இருப்பதற்குக் காரணம், கூட்டலை ஒரு மதிப்பாகக் கையில் கொடுக்க மொழியே அப்போதுதான் எளிதாக இடம் தந்தது. லைப்ரரிக்கும் மொழிக்கும் நடுவே கோடு போடுவது எவ்வளவு கடினம் என்பது இங்கே தெரிகிறது.

ரஸ்ட்டில் 'என்ட்ரி' என்ற வழி இருக்கிறது: இந்தச் சாவிக்கான இடத்தைக் கொடு, இல்லையென்றால் சுழியத்தை வை, பிறகு ஒன்று கூட்டு. படிக்க ஒரு வரி. ஆனால் அது சாவியின் உரிமையைக் கேட்கும். சொற்களைச் சொந்தச் சரங்களாக வைத்திருந்தால், மேப்பில் ஏற்கெனவே உள்ள சொல்லுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய சரம் ஒன்றை ஒதுக்க வேண்டிவரும். பெரிய கோப்பில் அதுவே நேரத்தைத் தின்னும். முதலில் தேடிப் பார்த்து, இல்லாதபோது மட்டும் சேர்ப்பது என்று மாற்றினால் வேகம் கூடும், அந்த அழகான ஒற்றை வரி போய்விடும். மற்ற மொழிகளில் இந்தச் செலவு இல்லாமல் இல்லை, கண்ணில் படுவதில்லை.

சி மொழியில் எதுவுமே இல்லை. போசிக்ஸ் தரநிலை தரும் ஹாஷ் ஃபங்ஷன்கள் உண்டுதான். ஆனால் நிரல் முழுமைக்கும் ஒரே டேபிள், தனிச்சாவியை நீக்க வழியில்லை. ஆகவே பெரும்பாலானவர்கள் தாங்களே ஒன்றை எழுதுவார்கள். நூறு வரியில் முக்கால்வாசி அதற்கே போகும்.

எது சர்க்கரை, எது சத்து

எந்த மொழியிலும் எந்தக் கணக்கையும் போட முடியும் என்றால் வெளிப்பாட்டுத்திறன் என்ற பேச்சுக்கே என்ன பொருள்? இதற்குத் துல்லியமான விடை தந்தவர் மத்தியாஸ் ஃபெலைசன். 1991-இல் இதழ் வடிவில் வெளியான அவருடைய ஆய்வின் அடிப்படை இது: ஒரு மொழியில் ஒரு வசதி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வசதியைப் பயன்படுத்திய இடத்தை மட்டும் வேறு வரிகளால் மாற்றி எழுதி, நிரலின் மற்ற பகுதியைத் தொடாமல் விட முடிந்தால், அது வெறும் வசதிதான். 'ஃபார்' லூப்பை 'வைல்' லூப்பாக மாற்றுவது இந்த ரகம். மாறாக, அந்த வசதி இல்லாததை ஈடுகட்ட நிரல் முழுவதையும் வேறு உருவத்தில் எழுத வேண்டிவந்தால், அது மொழிக்கு உண்மையாகவே திறன் கூட்டுகிறது.

இதைச் சோதிக்க இன்னும் சிறிய கணக்கு போதும். 2002-இல் லிஸ்ப் நிரலாளர் பால் கிரகாம் முன்வைத்தது அது: ஓர் எண்ணை வாங்கி, ஒரு ஃபங்ஷனைத் திருப்பிக் கொடு. அந்த ஃபங்ஷனை வேறோர் எண்ணோடு அழைக்கும்போதெல்லாம், அதுவரை சேர்ந்த தொகையோடு அதைக் கூட்டி விடையைத் தர வேண்டும். ஐந்தில் தொடங்கிய ஃபங்ஷனை மூன்றோடு அழைத்தால் எட்டு. மறுபடி இரண்டோடு அழைத்தால் பத்து. சொல் எண்ணும் கணக்கைவிட இது கூர்மையானது. லைப்ரரி எதுவும் இங்கே உதவாது.

லிஸ்ப், பெர்ல், ஜாவாஸ்கிரிப்டில் ஓரிரு வரி. பைத்தான் 2-இல் அதே உருவத்தில் எழுதினால் ஓடும்போது பிழை வரும். உள் ஃபங்ஷனுக்குள் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்தாலே அதை உள்ளூர் மாறி என்று பைத்தான் முடிவு கட்டிவிடும். கூட்டப் போகும்போது அதற்கு மதிப்பே இருக்காது. ஓர் உறுப்புள்ள லிஸ்டுக்குள் எண்ணை வைத்து ஏமாற்றுவார்கள், அல்லது ஒரு கிளாஸ் எழுதுவார்கள். 2008-இல் வந்த பைத்தான் 3.0 'நான்லோக்கல்' என்ற சொல்லைச் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது. ஜாவாவின் லாம்டா (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் ஃபங்ஷன்) வெளி மாறியைப் படிக்கும், மாற்ற விடாது. அங்கேயும் ஓர் உறுப்புள்ள அர்ரேதான் கதி. இந்த இரண்டு மொழியிலும் ஒட்டுப்போட்டது ஃபங்ஷனுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது, அழைப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் அசிங்கம்தான், ஆனால் பெரிய குறை என்று சொல்ல மாட்டேன்.

சி++-இல் 2011-க்குப் பிறகு லாம்டா உண்டு, ஆனால் வெளி மாறியை எப்படிப் பிடிப்பது என்று எழுதுபவர் சொல்ல வேண்டும். முகவரியாகப் பிடித்தால், வெளி ஃபங்ஷன் முடிந்ததும் அந்த மாறி போய்விடும். அதற்குப் பிறகு அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. சில சமயம் சரியான விடையே வந்து தொலைக்கும், அதுதான் இன்னும் மோசம். நகலாகப் பிடித்து, மாற்றலாம் என்று அனுமதியும் கொடுத்தால் சரி. ஆனால் அந்த ஃபங்ஷனை வேறொன்றுக்கு மதிப்பாக அனுப்பினால் தொகையும் நகலாகிப் போகும். அங்கே கூட்டியது இங்கே தெரியாது. ரஸ்ட்டில் அழைப்பவர் தன் மாறியை 'மாறக்கூடியது' என்று அறிவிக்க வேண்டும். ஒரு சொல்தான், ஆனால் மாற்றம் ஃபங்ஷனைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

சி மொழியில் ஃபங்ஷனோடு சேர்த்து மதிப்பைக் கட்டிக் கொடுக்க வழியில்லை. ஸ்டேட்டிக் மாறி வைத்தால் ஒரே ஒரு தொகைதான் இருக்க முடியும். ஒரு ஸ்ட்ரக்ட் வைத்து, ஒவ்வொரு அழைப்பிலும் அதன் முகவரியை அனுப்ப வேண்டும். ஹாஸ்கெலில் மாறக்கூடிய பெட்டி ஒன்றை உருவாக்க வேண்டும். அந்த நொடியே ஃபங்ஷனின் டைப்பில், வெளி விளைவு உண்டு என்று காட்டும் 'ஐஓ' ஒட்டிக்கொள்ளும், அதை அழைப்பவருக்கும் ஒட்டும், அவரை அழைப்பவருக்கும் ஒட்டும். ஃபெலைசன் சொன்ன 'நிரல் முழுவதும் உருமாறுவது' இதுதான். 85 வரி மொழியும் நூறு வரி மொழியும் இந்தக் கணக்கில் ஒரே பக்கம் வந்து நிற்கின்றன.

கணக்கை மாற்றினால்

சொல் எண்ணிக்குத் திரும்புவோம். இப்போது ஒரு மாற்றம்: ஒரு கோப்புக்குப் பதில் ஐந்நூறு கோப்புகள். ஏதாவதொன்றில் யூடிஎஃப்-8 முறைக்கு ஒவ்வாத பைட்கள் இருந்தால் அதன் பெயரை அறிவித்துவிட்டு மற்றவற்றைத் தொடர வேண்டும். கெட்ட கோப்பிலிருந்து ஒரு சொல்கூட மொத்தத்தில் சேரக் கூடாது.

முதலில், பிழை தெரியவே தெரியாமல் போகலாம். பைத்தான் இயல்பாகவே பிழை எறியும். ரஸ்ட்டும் பிழையைத் திருப்பித் தரும். கோ மொழி கெட்ட பைட்டை மாற்றுக்குறியாகப் படித்துக்கொண்டு பேசாமல் போய்விடும். சரியா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஜாவாவில் கோப்பு முழுவதையும் சரமாகப் படிக்கும் புதிய மெத்தட் பிழை எறியும், பழைய ரீடர் வகை மாற்றுக்குறி போட்டு மறைத்துவிடும். ஒரே மொழிக்குள்ளேயே இரண்டு நடத்தை.

அடுத்து, அந்தப் பிழை மேலே போக வேண்டும். முதன்மை ஃபங்ஷன் கோப்பு ஃபங்ஷனை அழைக்கிறது, அது சொற்பிரிப்பை அழைக்கிறது, அது படிப்பதை அழைக்கிறது என்று வையுங்கள். பைத்தானில் நடுவிலுள்ள ஃபங்ஷன்களைத் தொட வேண்டாம். மேலே ஒரு 'டிரை' போதும். கோ மொழியில் நடுவிலுள்ள ஒவ்வொன்றும் பிழையைக் கூடுதல் விடையாகத் திருப்பித் தர வேண்டும், ஒவ்வோர் அழைப்புக்குக் கீழும் சோதிக்கும் மூன்று வரி சேரும். ரஸ்ட்டில் ஒவ்வொரு ஃபங்ஷனின் திருப்பு டைப்பும் மாறும், அழைப்பு தோறும் ஒரு கேள்விக்குறி சேரும். ஜாவாவில் அறிவிக்க வேண்டிய பிழை என்பதால் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைப்பு வரியிலும் 'த்ரோஸ்' எழுத வேண்டும். இடையில் ஸ்ட்ரீமும் லாம்டாவும் வந்தால் அதுவும் முடியாது, பிழையை வேறொரு பிழைக்குள் சுற்றி அனுப்ப வேண்டும். ஹாஸ்கெலில், பட்டியலின் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் 'மேப்' என்றிருந்தவை எல்லாம், பிழையையும் சுமந்து செல்லும் 'டிராவர்ஸ்' ஆகும்.

கெட்ட கோப்பின் சொற்கள் சேரக் கூடாது என்ற மூன்றாவது நிபந்தனை மொழிகளை நேர்மாறாக அடுக்கும். ஒரே பொது டேபிளில் கூட்டிக்கொண்டே போகும் நிரலில், பாதிக் கோப்பு சேர்ந்த பிறகு பிழை வந்தால் சேர்ந்ததைத் திரும்பக் கழிக்க வழியில்லை. அப்படி எழுத இழுக்கும் மொழிகள் பைத்தான், ஆக், பெர்ல். கோப்புக்கு ஒரு டேபிள் கட்டி, நல்லது என்று தெரிந்த பிறகு மொத்தத்தோடு இணைக்கும்படி மாற்ற வேண்டும். பைத்தானின் கவுன்டரில் 'அப்டேட்' பழையதை அழிக்காமல் கூட்டும் என்பதால் இணைப்பது ஒரு வரிதான். ஹாஸ்கெலில் மதிப்புகள் மாறாதவை. கோப்புக்கு ஒரு மேப் என்றுதான் தொடக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். இங்கே அவர்கள் தொட வேண்டியது எதுவுமில்லை.

சொந்தமாக ஒப்பிட்டுப் பார்க்க

இதை வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் எதிர்பார்க்கும் விடையைக் கோப்பாகவே கொடுத்துவிட வேண்டும்; சம எண்ணிக்கை, நிறுத்தக்குறி எல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். மொழியின் பதிப்பு எண்ணைக் குறிக்க வேண்டும், ஏனென்றால் ஜாவா 7-ம் ஜாவா 8-ம் இந்த ஒப்பீட்டில் இரண்டு மொழிகள். அடிப்படை லைப்ரரி மட்டுமா, வெளியிலிருந்தும் எடுக்கலாமா என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அளவு வேண்டுமென்றால் வரிகளை விட்டுவிட்டு டோக்கன்களை (பெயர், எண், குறி போன்ற தனித்தனி அலகுகளை) எண்ணுங்கள். வரி என்பது அழகுபடுத்தும் கருவியின் விருப்பம். முதல் நிரல் சரியான விடை தந்ததும் அதை கிட் (git) என்ற பதிப்புக் காப்பகத்தில் சேமித்துவிட்டு, அதற்குப் பிறகே மாற்றங்களை ஒவ்வொன்றாக வெளியிட வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் எல்லோரும் அதற்கு ஏற்றபடி எழுதிவிடுவார்கள். பிறகு இரு பதிப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' எடுத்து, எத்தனை வரி மாறியது என்பதோடு எத்தனை ஃபங்ஷன்களின் தலைப்பு மாறியது என்பதையும் குறியுங்கள். இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்த எண்ணைப் படிக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். ரஸ்ட்டிலும் ஹாஸ்கெலிலும் பதினைந்து இடம் மாறியது என்றால், முதல் இடத்தை மாற்றியவுடன் மற்ற பதினான்கையும் கம்பைலரே ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கும். பைத்தானில் இரண்டே இடம் மாறியது என்றால், மூன்றாவது ஒன்று மாறியிருக்க வேண்டுமா என்பதைச் சொல்ல யாருமில்லை. அந்தக் கெட்ட கோப்பை உண்மையிலேயே சோதனைக் கோப்புகளுக்குள் போட்டு ஓட்டினால்தான் தெரியும்.